நந்தனுக்குப் பூணூல் போட்டது யார்?

(குன்றத்தூரில் இளைஞர்கள் நடத்திய வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

தோழர்களே,

ஒரகடத்துல நைட் ஷிப்ட் முடிச்சு, வீட்டுக்குப் போகாம நேரா இங்க வந்து உட்கார்ந்திருக்கிற தம்பிகளுக்கு முதல்ல நன்றி. நடுவில் கண் அசந்தால் நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பக்கத்தில் இருப்பவர் நல்ல இடம் வரும்போது எழுப்பிவிடுங்கள்.

என்னைக் கூப்பிட்ட தோழர்கள் தலைப்பு எதுவும் கொடுக்கவில்லை. ஒரு சண்டையைத்தான் சொன்னார்கள். படிப்பகத்துச் சுவரில் அம்பேத்கர், அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன் படங்கள் இருக்கின்றன. கூடவே நந்தனார் படமும் மாட்ட வேண்டும் என்று சேரிப் பெரியவர்கள் சொல்கிறார்கள். கூடாது என்று கல்லூரி மாணவர்கள் மறுக்கிறார்கள். "நெருப்புல இறக்கி, பூணூல் போட்டு உள்ள விட்ட கதை நமக்கு எதுக்கு?" என்பது மாணவர்கள் பக்கம். "நம்ம ஆளை நாமளே வெளிய நிறுத்தலாமாப்பா?" என்பது பெரியவர்கள் பக்கம். இரண்டு கேள்வியும் சாதாரணமானதல்ல. படம் சின்ன விஷயம். பெரியபுராணம் என்கிற நூலுக்கு நம்மீது என்ன அதிகாரம் என்பதுதான் உள்ளே இருக்கிற விஷயம்.

அதை இந்த ஊரில் பேசுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. பெரியபுராணம் பாடிய சேக்கிழாருக்கு இதுதான் சொந்த ஊர். வேளாளர் குலம், அருண்மொழித்தேவர் என்று பெயர், அநபாயன் என்கிற இரண்டாம் குலோத்துங்க சோழனிடம் அமைச்சர். அந்த மன்னனின் ஆட்சி 1133 முதல் 1150 வரை. இங்கே இருக்கிற திருநாகேசுவரம் கோயிலும் அவர் எடுப்பித்ததாகத்தான் சொல்கிறார்கள். சோழன் சமணக் காவியமான சிந்தாமணியில் மயங்கிக் கிடந்தானாம், அவனைத் திருப்புவதற்காக அமைச்சர் அடியார் கதையைப் பாடினாராம். சிதம்பரத்து ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேற்றம். முதல் சொல்லை நடராசரே எடுத்துக்கொடுத்தாராம். முடிந்ததும் நூலை யானைமேல் ஏற்றி ஊர்வலம். பிறகு அது பன்னிரண்டாம் திருமுறை ஆகிவிட்டது.

இவ்வளவும் நமக்கு எங்கிருந்து தெரிகிறது? சேக்கிழார் புராணம் என்று ஒரு சின்ன நூல் இருக்கிறது. உமாபதி சிவம் பாடியது என்பார்கள். அது அவர் பாடியதுதானா என்பதிலேயே அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு. வழக்கில் இருக்கிற ஒரு நூல் கொடுத்த சான்றிதழை வைத்துக்கொண்டு இன்னொரு நூல் தெய்வ வாக்காக நிற்கிறது. இதை நையாண்டிக்காகச் சொல்லவில்லை. எல்லா மதத்திலும் புனித நூல்கள் இப்படித்தான் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கின்றன.

சரி, நந்தனுக்கு வருவோம். நந்தனைப் பற்றிய முதல் பதிவு சேக்கிழாருடையது அல்ல. எட்டாம் நூற்றாண்டுச் சுந்தரர் அடியார் பெயர்களை அடுக்கிக்கொண்டு போகும்போது திருநாளைப்போவார் என்று ஒரு பெயரைச் சொல்லி, அவருக்கும் நான் அடியேன் என்கிறார். அவ்வளவுதான். சாதி இல்லை, ஊர் இல்லை, தீ இல்லை. அடுத்து நம்பியாண்டார் நம்பி. அவருடைய அந்தாதியில் இவருக்கு ஒரு பாட்டு உண்டு. அதில் ஆதனூர் வருகிறது, புலை போயிற்று என்பது வருகிறது, தில்லை மூவாயிரவர் கைகூப்பினார்கள் என்பதும் இவர் முனி ஆனார் என்பதும் வருகின்றன. தீட்டுப் பேச்சு அங்கேயே தொடங்கிவிட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நெருப்பு அங்கே கிடையாது. பூணூலும் கிடையாது.

மூன்றாவதாகத்தான் நம்ம ஊர்க்காரர் வருகிறார். நாற்பதை எட்டாத பாட்டுகளில் முழுக்கதையும் சொல்லிவிடுகிறார். ஒரு பெயர், பிறகு ஒரு பாட்டு, பிறகு ஒரு புராணம். ஒவ்வொரு படியிலும் கதை வளர்கிறது. வளர்ந்த பகுதி எது என்று பார்த்தால், வளர்த்தவருக்கு எது தேவைப்பட்டது என்பது புரிந்துவிடும்.

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். ஏனென்றால் சேக்கிழாரை ஒரே வார்த்தையில் தள்ளிவிட என்னால் முடியவில்லை. ஆதனூர்ச் சேரியை அவர் எப்படிக் காட்டுகிறார் தெரியுமா? தோல் வார் கிடக்கிற முற்றத்தில் குஞ்சுகளோடு கோழி மேய்கிறது. கையில் இரும்புக் காப்புப் போட்ட கறுத்த பையன்கள் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். குட்டி குரைக்கிற சத்தம், பையன் இடுப்பில் கட்டியிருக்கிற இரும்பு மணிச் சத்தத்தில் அமுங்கிப்போகிறது. மருத மர நிழலில் தோலை விரித்து, உழவு வேலைக்காரி ஒருத்தி பிள்ளையைத் தூங்கவைக்கிறாள். நிழலில் புதைத்த பானைக்குள் கோழி அடைகாக்கிறது. மாமரக் கிளையில் பறை தொங்குகிறது. தோழர்களே, சோழ அமைச்சர் ஒருத்தர் சேரிக்குள்ளே வந்து நின்னு பார்க்காமல் அந்த நாய்க்குட்டியை எழுதியிருக்க முடியாது. குறைந்தபட்சம், பார்த்த ஒருவனிடம் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். தமிழ் இலக்கியத்தில் சேரியை இவ்வளவு கிட்டத்தில் போய்ப் பார்த்த இடம் அதற்கப்புறம் பல நூறு வருஷத்துக்கு வரவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்றும் அதே இடத்தில் சொல்கிறார். நந்தனுக்குப் பிழைப்பு எது? பறைத்துடவை. துடவை என்றால் நிலம். ஊருக்குச் செய்கிற பறைத்தொழிலுக்காக விடப்பட்ட நிலம், அதன் விளைச்சல் அவருக்கு உரிமை. அதில் சாப்பிட்டுக்கொண்டு, கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்துவந்தார் என்கிறார். கவனியுங்கள், சேக்கிழார் கதையில் நந்தனுக்கு ஆண்டை இல்லை. பண்ணையடிமையாக அவர் நந்தனைக் காட்டவில்லை. தொழிலும் நிலவுரிமையும் உள்ள மனிதராகத்தான் காட்டுகிறார்.

அப்புறம் எப்படி நம்ம தாத்தா பாட்டி மனசில் இருக்கிற நந்தன், வேதியர் ஆண்டையிடம் கையைக் கட்டிக்கொண்டு சிதம்பரம் போக லீவு கேட்கிறான்? அது கோபாலகிருஷ்ண பாரதியார் 1860களின் தொடக்கத்தில் வெளியிட்ட நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. பெரியபுராணத்தில் இல்லாத ஆண்டை அங்கேதான் முளைக்கிறார். நாற்பது வேலி நடவை ஒரே ராத்திரியில் முடி, அப்புறம் போ என்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்த நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தர முதலில் மறுத்தார் என்று உ.வே.சா. எழுதியிருக்கிறார். மூலத்தில் இல்லாத சங்கதியும் இலக்கணப் பிழையும் இருக்கின்றன என்பது காரணம். பாட்டில் உருகித்தான் கடைசியில் கொடுத்தார். ஆக, எது ஆதாரம், எது சேர்க்கை என்கிற சண்டை நாம் கிளப்பியதல்ல. சைவப் புலவர்களே போட்ட சண்டைதான்.

பாரதியாரை நியாயமாகவும் பார்க்க வேண்டும். அவர் காலத்துத் தஞ்சாவூர் ஜில்லாவில் பண்ணையாள் இருந்தான், ஆண்டை இருந்தான், அதை அவர் மேடையில் ஏற்றினார். ஆனால் அதன் விலை என்ன? பறைத்துடவை கதையிலிருந்து காணாமல் போச்சு. சினிமா வந்ததும் பண்ணையாள் நந்தன்தான் பரவினான். 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாக நடித்தார், 1942இல் தண்டபாணி தேசிகர். காந்தியும் நந்தனைச் சத்தியாகிரகிக்கு முன்மாதிரி என்று புகழ்ந்தார். 'நாளைக்குப் போகலாம்' என்று காத்திருக்கிறவனை எல்லாருக்கும் பிடிக்கும். நாலு வருஷமா கான்ட்ராக்ட்ல வெச்சு 'அடுத்த பேட்ச்ல பர்மனென்ட்' என்று சொல்லும் சூப்பர்வைசருக்கும் பிடிக்கும்.

இப்போது நெருப்பு. சேக்கிழாரின் கதையில், நந்தன் தில்லை எல்லையைச் சுற்றிச்சுற்றி வருகிறார், உள்ளே போக முடியவில்லை. கனவில் கடவுள் வந்து, இந்தப் பிறவி போக எரியில் மூழ்கி முப்புரிநூல் மார்பரோடு வா என்கிறார். தில்லைவாழ் அந்தணருக்கும் கனவில் உத்தரவு. தெற்கு வாசலுக்கு வெளியே குழி அமைத்துத் தீ வளர்க்கிறார்கள். நந்தன் இறங்குகிறார். மார்பில் வெண்ணூலும் தலையில் சடையுமாக முனிவர் ஒருவர் ஏறி வருகிறார். உள்ளே போகிறார். பிறகு யாரும் அவரைக் காணவில்லை.

அந்தக் கடைசி வரியைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். நம்ம ஆள் உள்ளே போனால் திரும்பி வருவதில்லை. திருவரங்கத்துக்குத் தோளில் தூக்கிப்போன திருப்பாணாழ்வாரும் பெருமாளோடு கலந்துவிட்டார். சிதம்பரத்துக்கே இன்னொரு கதை உண்டு. உமாபதி சிவத்தின் மடத்துக்கு விறகு கொண்டுவந்த பெற்றான் சாம்பானுக்கு அவர் தீட்சை கொடுக்கிறார். சாம்பான் அப்படியே ஒளியாகி மறைகிறார். பக்தர்கள் அதோடு கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்திவிடுவார்கள். ஆனால் அந்தக் கதையில் சாம்பானின் மனைவி சும்மா இருக்கவில்லை. என் புருஷனை எரித்துவிட்டார்கள் என்று அரசனிடம் போய் முறையிடுகிறாள். அரசன் விசாரணைக்கு வருகிறான். உமாபதி ஒரு முள்ளுச்செடிக்குத் தீட்சை கொடுத்து அதையும் ஒளியாக்கிக் காட்டுகிறார், வழக்கு தள்ளுபடி. பக்தர்கள் முள்ளுச்செடியைப் பார்க்கிறார்கள். நான் அந்தப் பெண்ணைப் பார்க்கிறேன். சைவம் தன் கதைக்குள்ளேயே ஒரு எஃப்.ஐ.ஆரைப் பத்திரமாக வைத்திருக்கிறது. நந்தன் எரித்துக் கொல்லப்பட்டான் என்று நம் இயக்கம் சொன்னபோது 'இது ஆதாரமில்லாத பேச்சு' என்று துள்ளினார்களே, அவர்களுக்கு இந்தப் பெண்ணைத்தான் நான் சாட்சியாக நிறுத்துவேன்.

நெருப்பை ஏன் கொண்டுவந்தார் சேக்கிழார்? நூல் அரங்கேறிய இடம் சிதம்பரம் என்றால், முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று யோசியுங்கள். பறையன் பறையனாகவே உள்ளே வந்தான், தெய்வம் ஏற்றுக்கொண்டது என்று அந்த மண்டபத்தில் பாட முடியுமா? அடியாரும் வேண்டும், வாசலின் சட்டமும் மாறக்கூடாது. இரண்டையும் காப்பாற்ற ஒரே வழி, ஆளை மாற்றுவது. இது என் அனுமானம்தான். ஆனால் பாட்டு முழுக்க அந்த நெருக்கடி தெரிகிறது.

இந்தக் கதையை என்ன செய்வது என்று நமக்கு முன்னால் இருந்தவர்களும் யோசித்தார்கள். 1943இல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று அண்ணா சட்டக் கல்லூரியில் ரா.பி. சேதுப்பிள்ளையோடும், சேலத்தில் சோமசுந்தர பாரதியாரோடும் வாதிட்டார். மேடையில் அண்ணாதான் ஜெயித்தார் என்றுதான் அந்த இயக்கத்தார் சொல்வார்கள். புத்தகம் என்னவோ இன்னும் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அதற்கும் முன்னால் அயோத்திதாசர். 1907இல் ராயப்பேட்டையிலிருந்து பத்திரிகை தொடங்கிய அந்த மனிதர் நந்தன் கதையை வேறு பக்கமாகத் திருப்பிப் போட்டார். அவருடைய இந்திரர் தேச சரித்திரத்தில் நந்தன் ஓர் அரசன், வேஷப் பிராமணர்களைக் கேள்வி கேட்டு அவர்கள் சூழ்ச்சிக்கு இரையானவன். புராணத்துக்கு மறுப்பு எழுதுவதைவிட எதிர்ப்புராணம் சொல்வது மேல் என்று அவர் முடிவு செய்திருக்கிறார். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் மூன்றாவதாக ஒன்றைச் செய்தார். நந்தன் தீக்குளித்த இடம் என்று காட்டப்படுகிற ஓமக்குளத்தில், நந்தன் பெயரிலேயே 1916இல் பள்ளிக்கூடம் தொடங்கினார். எரித்த இடத்திலிருந்து நம் பிள்ளைகள் எழுத்துப் படித்துத் திரும்பி வந்தார்கள். சகஜானந்தரின் பக்தி எனக்கு ஒத்துவராது. ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று மாணவத் தோழர்கள் யோசிக்க வேண்டும்.

அம்பேத்கர் என்ன செய்தார்? 1948இல் வந்த 'தீண்டப்படாதவர்கள்' நூலைத் திறந்து முதல் பக்கத்தைப் பாருங்கள். நந்தனார், ரவிதாசர், சோகாமேளா மூவர் நினைவுக்கும் காணிக்கை. சாத்திரங்களின் அதிகாரத்தை உடைக்காமல் சாதி ஒழியாது என்று 1936இல் எழுதிய அதே கை. லாகூரில் பேச வேண்டிய அந்த உரையை, வேதத்தின் மேல் கை வைக்கிறார் என்பதற்காகத்தான் கூட்டம் நடத்துபவர்கள் மாற்றச் சொன்னார்கள். ஒரு கமாவைக்கூட மாற்ற மாட்டேன் என்று மறுத்தார். மாநாடே ரத்தாயிற்று. பக்திச் சாதுக்கள் மனிதனுக்கும் மனிதனுக்கும் உள்ள சண்டையைத் தொடவில்லை என்றும் அவரே விமர்சித்தார். அப்படி விமர்சித்துவிட்டும் நந்தன் பெயரை முதல் பக்கத்தில் வைத்தார். நூலின் அதிகாரம் வேறு, நூலுக்குள் அகப்பட்ட மனிதன் வேறு என்று பிரித்துப் பார்த்திருக்கிறார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

அந்த மூன்று பெயரில் ரவிதாசர் பெயர் நம்மைப் பஞ்சாபுக்குக் கூட்டிப்போகிறது. அங்கே நடந்ததைக் கேட்டால் நம்ம சண்டை கொஞ்சம் தெளியும். சீக்கியருக்குக் குரு கிரந்த சாகிப்தான் குரு. சாமர் சாதியில் பிறந்த ரவிதாசரின் பாடல்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன. தீயில் இறக்காமல், நூல் போடாமல், சாதியை மறைக்காமல் அவரைச் சேர்த்திருக்கிறார்கள். அதோடு தசம் கிரந்தம் என்று இன்னொரு நூலும் உண்டு. பத்தாவது குரு கோபிந்த் சிங் பாடியது என்பார்கள். அதில் உள்ள அவதாரக் கதைகளும், பெண்களின் தந்திரம் பற்றிய நூற்றுக்கணக்கான கதைகளும் குருவின் வாக்காக இருக்கவே முடியாது என்று ஒரு பக்கம். அதை எடுத்துவிட்டால், அமிர்தம் கொடுத்து ஒருவரைக் கால்சாவில் சேர்க்கும்போது ஓதுகிற பாடல்களில் சிலவும் போய்விடும் என்று மறுபக்கம். பாட்னாவிலும் நாந்தேடிலும் இரண்டு நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அமிர்தசரசில் அப்படி இல்லை. இந்த நூலைப் பற்றி யாரும் சர்ச்சை கிளப்பக்கூடாது, ஆனால் இது குரு கிரந்தத்துக்குச் சமமும் இல்லை என்று 2008இல் அகால் தக்த் அறிவித்தது. சண்டை நிற்கவில்லை.

இதில் நம்ம ஆட்களுக்கு என்ன? 1920 அக்டோபர் 12. தலித்துகள் சிலர் அமிர்தம் எடுத்துக்கொண்டு பொற்கோயிலுக்குப் பிரசாதம் கொண்டுபோனார்கள். பூசாரிகள் வாங்க மறுத்தார்கள். வாக்குவாதம் முற்றி, கிரந்தத்தையே பிரித்துக் கேட்போம் என்று முடிவாயிற்று. வந்த பக்கம், தகுதி இல்லாதவருக்கும் கடவுள் அருள் உண்டு என்கிற பொருளில் இருந்தது. பூசாரிகள் பணிந்தார்கள். கோயில்களைப் பூசாரிகளிடமிருந்து மீட்கிற இயக்கமே அதிலிருந்து வேகம் பிடித்தது. புத்தகம் நம் பக்கம் பேசிய நாள் அது! ஆனால் அப்புறம் பஞ்சாப் கிராமங்களில் தனிக் குருத்வாரா, தனிச் சுடுகாடு ஒழிந்ததா? இல்லை. 2003இல் ஜலந்தர் பக்கத்தில் தல்கணில், வழிபாட்டுத் தல நிர்வாகக் குழுவில் தலித்துகள் இடம் கேட்டதற்குப் பெரிய கலவரமே நடந்தது. 2009 மே மாதம் வியன்னாவில், ரவிதாசரைப் பின்பற்றுகிற தேராவின் சாது ராமானந்த் கோயிலுக்குள்ளேயே தாக்கப்பட்டுச் செத்தார். குரு கிரந்தம் இருக்கிற இடத்தில் உயிரோடிருக்கும் சாதுவுக்கு மரியாதையா என்பது தாக்கியவர்கள் தரப்பு. அடுத்த வருஷம் ஜனவரி 30 அன்று, காசியில் ரவிதாசர் பிறந்த ஊரில், தேரா தனி மதம் அறிவித்தது. ரவிதாசர் பாடல்கள் மட்டுமே உள்ள அமிர்தபாணி என்று தனி நூலும் வைத்துக்கொண்டது. தலித்துகளில் எல்லாரும் அதை ஏற்கவில்லை. எங்கள் ரவிதாசர் இருக்கிற குரு கிரந்தத்தை நாங்கள் ஏன் விட்டுப்போக வேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. நம்ம பெரியவர் கேட்ட அதே கேள்வி.

தோழர்களே, பஞ்சாபில் நல்ல நூல் இருந்தும் சுடுகாடு பிரிந்தே இருக்கிறது. இங்கே நந்தன் பெயர் திருமுறைக்குள் இருந்தும், சிதம்பரத்தில் தெற்கு வாசல் பக்கத்துச் சுவரை இடிக்கச் சொல்லித் தீண்டாமை ஒழிப்பு முன்னணி 2010இல் போராட வேண்டியிருந்தது. 2022இல் கனகசபை ஏறப்போன ஒரு தலித் பெண்ணைத் தடுத்ததாகத் தீட்சிதர்கள்மேல் வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் பதிவாயிற்று. எனவே பெரியபுராணம் உண்மையா பொய்யா, புனிதமா இல்லையா என்று தீர்ப்புக் கேட்டு நாம் அதன் வாசலில் நிற்கத் தேவையில்லை. நான் சேக்கிழாரை நீதிபதியாக ஏற்க மாட்டேன். சாட்சியாகக் கூண்டில் ஏற்றுவேன். நல்ல சாட்சி அவர், கண்ணும் காதும் உள்ளவர். சேரியைப் பற்றிச் சொன்னதைப் பதிவு செய்துகொள்வேன். நெருப்பைப் பற்றிச் சொன்னதில் குறுக்கு விசாரணை செய்வேன். அவர் சொன்ன கடவுள் உத்தரவை யார் கேட்டது, கனவில்தானே? குழி வெட்டியது யார்? எத்தனை பேர் சுற்றி நின்றார்கள்?

படம் பற்றி என்னைக் கேட்டால், மாட்டுங்கள் என்பேன். ஆனால் முனிவர் வேஷத்தில் வேண்டாம். காலண்டரில் கைகூப்பி நிற்கிற நந்தனும் வேண்டாம். இங்கே வரைகிற தம்பிகள் இருக்கிறார்கள். மாமரத்தில் பறை தொங்கட்டும், முற்றத்தில் நாய்க்குட்டி ஓடட்டும், நடுவில் தோல் பதப்படுத்துகிற நந்தனை வரையுங்கள். இதற்கு மாணவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை. ஓட்டுக்கு விடுங்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்தத் துடவை. ஊழியத்துக்கு விட்ட நிலம் நந்தனுக்கு இருந்தது என்று குன்றத்தூர்க்காரரே எழுதிவைத்திருக்கிறார். அது யாரிடம் போயிற்று? 1891இல் இந்தச் செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், இங்குள்ள பறையர்களுக்கு நிலமில்லை, மனைகூட மிராசுதாரன் தயவில் இருக்கிறது என்று அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தார். அடுத்த வருஷம் வந்த ஆணையிலிருந்துதான் பஞ்சமி நிலம். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் கணக்குச் சொல்கின்றன. அந்த நிலத்தை மீட்கத்தான் 1994 அக்டோபர் 10 அன்று காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அதுவும் இந்தச் செங்கல்பட்டுச் சீமைதான். இப்போது ஏக்கர் விலை என்ன என்று இங்கே உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அதனால் அடுத்த ஞாயிறு இரண்டு வேலை. ஒன்று, திருநாளைப்போவார் புராணத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் சத்தமாக வாசிப்போம். பதம் பிரித்த பதிப்பு யாரிடமாவது இருந்தால் கொண்டுவாங்க, மத்தியானத்துக்குள்ள முடிச்சிடலாம். இன்னொன்று, சட்டம் படிக்கிற தோழர்கள் அவரவர் ஊர் 'அ' பதிவேட்டின் நகலுக்கு இந்த வாரமே மனுப் போடுங்கள். வி.ஏ.ஓ. 'நாளைக்கு வா' என்பார். எத்தனை 'நாளைக்கு' என்று தேதி போட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள். இப்போ கேள்விகளுக்குப் போகலாம். முதல்ல பின்னால உட்கார்ந்திருக்கிற அந்த அக்கா ரொம்ப நேரமா கையைத் தூக்கிக்கிட்டிருக்காங்க.